பின் சீற்றில் நான் இல்லை

தம்பி, நேற்றுப் பின்னேரம் மருமகள் தர்சினி போன் எடுத்தாள். நீ வேலையால் வருவதற்கு முன்பாகப் பேசி முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் அவள் குரலிலேயே தெரிந்தது. சாப்பாடு எப்படி, அப்பாவின் முழங்கால் எப்படி, மானிப்பாயில் மழை விட்டதா என்று எல்லாம் விசாரித்தாள். வயிற்றில் பிள்ளை உதைப்பதைச் சொன்னாள். சொல்ல வேண்டியது எல்லாம் முடிந்த பிறகும் போனை வைக்காமல் நின்றாள். இத்தனை காலம் விஞ்ஞானம் படிப்பித்தவள் நான். கேள்வியை வாய்க்குள் வைத்துக்கொண்டு வாங்கில் நெளிகிற பிள்ளையை எனக்குத் தெரியாதா?

"கேளும் பிள்ளை, என்ன?"

"மாமி, நீங்கள் ஒருக்கா அவருக்குச் சொல்லுங்கோ, இனிப் பறக்க வேண்டாமெண்டு. நான் சொன்னால் சிரிக்கிறார். உங்கடை ஒரு சொல்லுக்கு நிப்பார்."

"ஏன், ஏதும் நடந்ததே?"

எழும்பிப் போய்க் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள்: "அவர் தனியப் பறக்கேக்கை உங்கடை குரல் கேக்குதாம் மாமி. பின் சீற்றிலை இருந்து."

அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் நீ பகிடி விட்டுக் கதையை மாற்றிவிடுவாய். நீ ஓம் என்றால் இதை ஊர்ச் சஞ்சிகைக்கும் கொடுப்பேன். பிள்ளைகள் தூரதேசத்தில் இருக்கும் வீடுகள்தானே இங்கே அதிகம். எங்களைப் போன்ற தாய் தகப்பன் குரல் எங்கெங்கே போய் உட்கார்ந்திருக்கிறதோ, யாருக்குத் தெரியும்.

முதலில், நீ எனக்குப் படிப்பித்ததை நான் உனக்கே ஒப்புவிக்கிறேன். பிழை இருந்தால் திருத்து. கிளைடருக்கு இஞ்சின் இல்லை. பட்டம் ஏற்றுகிறவன் நூலைப் பிடித்துக்கொண்டு ஓடுவது போல, தரையில் நிற்கும் ஒரு யந்திரம் நீண்ட கம்பியால் அதை இழுத்து மேலே ஏற்றிவிடும். கம்பி கழன்ற பிறகு அது இறங்கத் தொடங்கிவிடும். எவ்வளவு அழகாகப் பறந்தாலும் அது இறங்கிக்கொண்டே இருக்கும் ஒரு பொருள். அது விழாமல் ஊர் விட்டு ஊர் போவது காற்றின் தயவில். வெயில் எல்லா இடத்தையும் ஒரே மாதிரிச் சுடுவதில்லை. நெல் வயல் குளிர்ந்து கிடக்கும்போது, பக்கத்திலே வெங்காயம் கிண்டிய செம்பாட்டு நிலம் கொதிக்கும். தார் றோட்டும் தகரக் கூரையும் அதைவிடக் கொதிக்கும். அந்தச் சூட்டில் காற்று இலேசாகி, உலைப்பானைத் தண்ணீரில் குமிழி எழும்புவது போல மேலே எழும்பும். மருதனார்மடம் சந்திக்கு மேலே பருந்து இறக்கை அடிக்காமல் சுற்றிச் சுற்றி உயருகிறதே, அது அந்தக் குமிழிக்குள் நிற்கிறது. நீயும் அதைத்தான் செய்கிறாய். எழும்பும் காற்றுக்குள் வட்டமிட்டு உயருகிறாய். உயரம் போதும் என்றதும் அதை விட்டுவிட்டு, அடி தட்டையாகக் கறுத்திருக்கும் அடுத்த முகிலைப் பார்த்துச் சரிந்து போகிறாய், ஏனென்றால் அந்த முகிலுக்குக் கீழே இன்னொரு குமிழி இருக்கும். இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கீழே ஏதோ ஒரு வயலில் இறங்க வேண்டியதுதான்.

இதை நீ போனில் விளங்கப்படுத்திய அன்று அப்பா சொன்னது நினைவிருக்கிறதா? "நல்லது, பெற்றோலுக்கு வரிசையிலை நிக்கத் தேவையில்லை. உவன் காத்தைக் குடிச்சுக்கொண்டு போறான்."

சென்ற வருடம் உங்கள் கலியாணத்துக்கு ஜேர்மனிக்கு வந்தபோது நீ என்னைக் கூட்டிக்கொண்டு பறந்தாய். அப்பா வரமாட்டேன் என்று நிலத்திலேயே நின்றுவிட்டார். என்னைப் பின் சீற்றில் இருத்தி, தோளிலும் இடுப்பிலும் பெல்ற்றை இறுக்கிப் பூட்டினாய். பூட்டும்போதே பாடம் நடத்தினாய். "அம்மா, ஒரு சட்டம் இருக்கு. உயரம் குறைஞ்சு பதிஞ்சு வந்து, இறங்கிறதுக்கு ஒரு வயல்வெளியைத் தெரிஞ்செடுத்தாப் பிறகு மாத்தக் கூடாது. எவ்வளவு நல்ல வெளி பக்கத்திலை தெரிஞ்சாலும் மாத்தக் கூடாது. மாத்திறவைதான் விழுகிறவை." நான் நல்ல மாணவி போலத் தலையாட்டினேன்.

மேலே போன பிறகு என்னைப் பயப்படுத்தியது உயரமல்ல, அமைதி. எங்களுடைய வானம் சத்தத்தால் ஆனது, தம்பி. பொம்பரின் இரைச்சலை முதலில் கேட்டுத்தான் எத்தனையோ நாள் பதுங்குகுழிக்குள் ஓடியிருக்கிறோம். அங்கே பிளேன் இருந்தது, இரைச்சல் இல்லை. கண்ணாடி மூடிக்கு வெளியே காற்று உரசுகிற மெல்லிய ஒலியும், உனக்கு முன்னால் இருந்த அந்தச் சின்னக் கருவியின் ஒலியும்தான். ஏறும்போது அது குருவிக்குஞ்சு போலக் கீச்சிடும். இறங்கும்போது நோயாளி முனகுவது போல நீட்டி முனகும். அந்த முனகலைக் கேட்டுக்கொண்டு, உன் தலையின் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். நீ சின்னப் பிள்ளையாகச் சைக்கிளில் எனக்கு முன்னால் இருந்து பள்ளிக்கூடம் வந்த நாளில் பார்த்த அதே சுழி.

இரண்டு முகிலைத் தாண்டினோம். மூன்றாவது முகிலுக்குக் கீழே ஒன்றும் இருக்கவில்லை. கருவி முனகத் தொடங்கியது, நிறுத்தவே இல்லை. நீ அங்கே இங்கே சரித்துத் தேடினாய். பிறகு பேச்சைக் குறைத்தாய். எங்கள் நிழல் வயல்களின் மேல் ஓடி வந்துகொண்டிருந்தது. முதலில் இலையான் பூச்சி அளவு. பிறகு காகம் அளவு. எங்களைத் தேடி வருவது போல, பார்க்கப் பார்க்க வளர்ந்துகொண்டு வந்தது.

"அம்மா, அந்த மஞ்சள் வெளி தெரியுதே, இடப்பக்கம்? அறுவடை முடிஞ்ச வெளி. அதிலை இறங்குவம். பயப்பிடாதேங்கோ, பூப் போல இறக்குவன்."

நல்ல வெளிதான். நீளமானது, கரண்ட் கம்பி இல்லாதது. நீ அதன் பக்கத்தால் பதிந்து போகும்போது நான் சன்னலால் பார்த்தேன். அப்போதுதான் கண்டேன். அந்த வெளிக்குள் வரிசையாகக் குத்திய தடிகள். ஒவ்வொரு தடிக்கும் சிவப்புத் தலை.

"உதிலை இறங்காதை!"

கத்தியது நான். உன் கை, உன் மூளையைக் கேட்காமல், பிளேனை மறுபக்கம் திருப்பியது.

இந்த இடத்தில் எங்கள் கன்றின் கதையை எழுத வேண்டும். தர்சினி கொழும்பில் பிறந்து ஜேர்மனியில் வளர்ந்தவள், அவளுக்கு இது தெரியாது. சண்டை கொஞ்சம் ஓய்ந்து, எழுதுமட்டுவாளில் இருக்கும் என் சீதனக் காணியைப் போய்ப் பார்க்கலாம் என்று விட்டார்கள். நாங்கள் போய் ஒரு கொட்டில் போட்டு, பசுவும் கன்றுமாகக் கொஞ்சக் காலம் இருந்தோம். நீ அப்போது ஐந்தாம் வகுப்பு ஸ்கொலர்ஷிப் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். எங்கள் வேலிக்கு அங்கால், மிதிவெடி இருக்கும் என்று அடையாளமிட்ட தரவை, புல் மண்டிய வெறுநிலம். ஓரம் முழுக்கச் சிவப்புத் தலைத் தடிகள். ஒரு மத்தியானம் கன்று கயிற்றை அறுத்துக்கொண்டு வேலிப் பொட்டுக்குள்ளால் தரவைக்குள் இறங்கிவிட்டது. நீ அதற்குப் பின்னால் ஓடினாய். நான் அடுப்படியிலிருந்து கண்டு, "உதிலை காலை வைக்காதை!" என்று கத்தினேன். தடியைத் தாண்டத் தூக்கிய உன் கால் அப்படியே ஆகாயத்தில் நின்றது. நீ திரும்பிப் பார்க்கவும் இல்லை. ஒற்றைக் காலில் கொக்குப் போல நின்றாய், நான் வந்து உன்னைத் தூக்கும் வரைக்கும்.

பிறகு நாங்கள் வேலியோடு நின்று கன்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது அந்தத் தரவை முழுக்க மேய்ந்தது. ஓரிடத்தில் துள்ளியது. ஓரிடத்தில் படுத்து அசை போட்டது. அது ஒவ்வொரு அடி வைக்கும்போதும் உன் விரல் என் கைக்குள் இறுகியது. பொழுதுபடத் தாய்ப்பசு கத்த, கன்று போன வழியே ஆடி ஆடித் திரும்பி வந்து பால் குடித்தது. ஒன்றுமே நடக்கவில்லை. வெடித்திருந்தால் அந்தப் பயம் அன்றைக்கே முடிந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். வெடிக்காதபடியால்தான் அது எங்களோடு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. சில வருடம் கழித்து நான் காணி பார்க்கப் போயிருந்தபோது, அங்கே வெடி அகற்றிய ஒரு பெண்பிள்ளை தண்ணீர் கேட்டு வந்து நின்று, "உங்கடை வேலியோடையும் மிதிவெடி எடுத்தனாங்கள், ரீச்சர்" என்றாள். எந்த இடம், எத்தனை என்று நான் கேட்கவில்லை. கேள்வி கேட்கச் சொல்லியே பிள்ளைகளை வளர்த்தவள், அன்றைக்குக் கேட்கவில்லை.

ஆகவே, உன் கை ஏன் திரும்பியது என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். திருப்பி முடித்த அடுத்த கணமே நாங்கள் இருவரும் அது ஜேர்மனி என்பதை நினைத்துக்கொண்டோம். ஆனால் அந்த வெளிக்குத் திரும்பிப் போக உயரம் இல்லை. முன்னால் ஒரு கிராமம். தேவாலயக் கோபுரம் எங்களுக்கு நேராக வருவது போல இருந்தது. எங்கள் நிழல் ஒரு வீட்டுக் கூரையில் ஏறி இறங்கியபோது அது எங்கள் அளவுக்கே வளர்ந்திருந்தது. நான் என் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். பயத்தில் அல்ல, இன்னொரு தரம் ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று.

அப்போது மணத்தது. மூடிய கண்ணாடிக்குள், ஆகாயத்தில், மாட்டெரு மணத்தது.

"அம்மா, உங்களுக்கும் மணக்குதே?"

"ஓம், மாட்டுச் சாணம்."

"அப்ப காத்து ஏறுது!" என்றாய். மணம் தானாக மேலே வராது, எழும்பும் காற்றுத்தான் தூக்கிக்கொண்டு வரும். கீழே கறுத்தக் கூரை போட்ட பெரிய மாட்டுப்பண்ணை. கருவி முனகலை நிறுத்தி, விக்கி விக்கி ஒரு தரம் கீச்சிட்டது. நீ அந்தக் கூரைக்கு மேலே ஒட்டிக்கொண்டு சுற்றினாய். ஒரு சுற்றில் ஏறினோம், ஒரு சுற்றில் இழந்தோம். எங்கிருந்தோ ஒரு பருந்தும் வந்து எங்களோடு சுற்றியது. அது என்னைப் பார்த்தது. நான் சொல்வது உனக்குச் சிரிப்பாக இருக்கும், ஆனால் அது சுற்றுக்குச் சுற்று பின் சீற்றைத்தான் பார்த்தது.

அன்று ஒருவழியாக உயரம் சேர்த்து, ஏறிய இடத்துக்கே தப்பி வந்ததைக் கலியாண வீட்டில் பகிடியாகச் சொன்னோம். "மாட்டுச் சாணம் காப்பாத்தினது" என்று அப்பா எல்லோருக்கும் சொல்லித் திரிந்தார். தடிகளை மட்டும் நாங்கள் இருவரும் சொல்லவில்லை. மறுநாள் காரில் என்னை அந்த வெளிக்குக் கூட்டிக்கொண்டு போனாய். புதிய றோட்டுக்கு அளந்து நட்ட தடிகள், சிவப்பு மை பூசியவை, வேறொன்றும் இல்லை. நீ உள்ளே போய் ஒரு தடியைத் தட்டிக் காட்டிச் சிரித்தாய். நான் வரம்பை விட்டு இறங்கவில்லை. அதைச் சொல்லி நீ என்னை நக்கலடித்தாய். உன்னிடம் அன்றைக்குச் சொல்லாததை இப்போது சொல்கிறேன். நீயும் உழவு மெசின் போன தடத்தில் மட்டும் கால் வைத்துத்தான் நடந்தாய், தம்பி. போகும்போதும் வரும்போதும். உனக்கே தெரியாமல்.

தர்சினி மிச்சத்தையும் நேற்றுச் சொன்னாள். தனியாகப் பறக்கும்போது வெறும் சீற்றின் பெல்ற்றையும் இறுக்கிப் பூட்ட வேண்டும், கழன்று தொங்கினால் பிளேனைத் திருப்பும் பிடிக் கட்டைகளில் சிக்கிவிடும் என்று நீ முன்பே எனக்குச் சொல்லியிருக்கிறாய். ஆனால் அதைப் பூட்டும்போது நீ "அம்மா, இறுக்கமே?" என்று கேட்கிறாயாம். முதலில் பகிடி என்றுதான் அவளும் நினைத்தாளாம். பிறகு ஒரு நாள் நீ பதில் வரும் வரைக்கும் காத்து நின்றதைக் கண்டாளாம். வசந்தம் தொடங்கிய பிறகு ஒரு தரம் நீ பதிந்து வந்து, வெளியைத் தெரிந்தெடுத்து, இறங்கப் போகையில் "உதிலை இறங்காதை" என்று என் குரல் கேட்டதாம். விட்டுவிட்டு அடுத்த வெளிக்குப் போய் வேலிக் கம்பியில் முட்டாமல் மயிரிழையில் நின்றாயாம். அதற்குப் பிறகு அவள் அழுது ஒற்றைச் சீற் கிளைடரில் பறக்க வைத்தாளாம்.

"அதிலை பின் சீற்றே இல்லை மாமி," என்றாள். "ஆனால் பின்னாலை இருந்துதான் கேட்டதாம்."

எந்த நாள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நான் இங்கே விறாந்தைக் கதிரையில் தேத்தண்ணீரோடு கண்ணயர்ந்துவிட்டேன். அப்பா பேப்பருக்கு மேலால் பார்த்து, "இஞ்சாரும், ஆரை இறங்க வேண்டாமெண்டு கத்தினனீர்? பஸ்ஸிலை போறமாதிரிக் கனவோ?" என்றார். நான் கத்தியது எனக்குத் தெரியாது. கோப்பை கவிழ்ந்து சேலை நனைந்திருந்தது. நான் விஞ்ஞான ரீச்சர். ஒருத்தி ஒவ்வொரு பின்னேரமும் கண்ணயர்ந்தால், ஒருவன் ஒவ்வொரு ஞாயிறும் பறந்தால், என்றைக்கோ ஒரு நாள் இரண்டும் பொருந்தத்தான் செய்யும். இதை நான் எனக்கே பல தரம் விளங்கப்படுத்திவிட்டேன். விளங்கிவிட்டது. ஆனாலும் அந்தக் கதிரையில் நான் இப்போது இருப்பதில்லை.

தர்சினி கேட்டது சின்ன விஷயம். "பறக்காதை" என்று ஒரு சொல். நான் சொன்னால் நீ நிற்பாய். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, தூக்கிய காலோடு நிற்பாய். அதனால்தான் சொல்லப் பயப்படுகிறேன். இரவு முழுக்க யோசித்தேன். நான் நிற்பாட்டினால் அந்தக் குரல் கிளைடரை விட்டு இறங்கும், சரி. இறங்கி எங்கே போகும்? உங்கள் காருக்குள் வரும். வீட்டுக்குள் வரும். தொட்டிலுக்குப் பின்னால் வந்து நிற்கும். உன் பிள்ளை முதலடி வைக்கக் காலைத் தூக்கும் நாளில், அது உன் வாயால் கத்தும். பிள்ளை ஒற்றைக் காலில் நிற்கும், ஏனென்று தெரியாமல். அந்தச் சொல் ஒரு நாளைக்கு, ஒரு தரவைக்கு, ஒரு கன்றுக்காகச் சொன்னது. அன்றைக்கு அது சரி. நீ இன்று உயிரோடு இருப்பதற்கு அது காரணமாகவும் இருக்கலாம். ஆனால் அது தன் வேலை முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகவில்லை.

ஆகவே நான் பறக்காதே என்று எழுதப் போவதில்லை. தர்சினி என்னோடு கோவிப்பாள். இந்தக் கடிதத்தை அவளிடமே கொடு, அவள் வாசிக்கட்டும். பிள்ளை, நான் உம்மைக் கைவிடவில்லை. இவன் காற்றால் விழப் போகிறவன் அல்ல. தெரிந்தெடுத்த வெளியை மாற்றுவதால்தான் விழுவான். அதைத்தான் நாங்கள் நிற்பாட்ட வேண்டும்.

தம்பி, நீ வைகாசியில் அங்குள்ள பெரிய காட்டைத் தாண்டித் தூரம் போகத் திட்டமிட்டிருக்கிறாய் என்று தெரியும். அதற்கு முன் உனக்குப் பறக்கப் பழக்கிய அந்தப் பெரியவரைப் பின் சீற்றில் ஏற்றிக்கொள். அவரிடம் நடந்ததை மறைக்காமல் சொல். வெட்கப்படாதே, தடிகளையும் சொல். தெரியாத வெளிகளாகப் பார்த்து, தெரிந்தெடுத்து, இறங்கு. திரும்பத் திரும்ப இறங்கு. உன் மூளைக்குத் தெரிந்தது உன் கைக்கும் தெரியும் வரைக்கும் இறங்கு. இறங்கிய பிறகு மூடியைத் திறந்து, மெசின் தடத்தை விட்டுவிட்டு, வயலின் நடுவால் நட. அது பறப்பதைவிடக் கஷ்டமாக இருக்கும். அதையும் செய்.

நான் என் பக்கத்துக்கு ஒன்று செய்கிறேன். நீ பறக்கும் நாளெல்லாம் காலையில் எனக்கு அறிவித்துவிடு. அன்று பின்னேரம் நான் கண்ணயரமாட்டேன். அப்பாவின் சைக்கிளில் ஏறி மருதனார்மடம் சந்திக்குப் போவேன். மரக்கறிக் கடைக்காரியோடு கத்தரிக்காய்க்கு விலை பேசுவேன். "ரீச்சர், உந்த விலைக்கெண்டால் சும்மா குடுத்திட்டு நான் வீட்டை போகலாம்" என்பாள், நான் விடமாட்டேன். ஆஞ்சநேயர் கோவில் மணி அடிக்கும், பஸ்காரன் உடுவில், மானிப்பாய் என்று கத்துவான், அதற்கு மேலால் நானும் கத்துவேன். என் குரல் முழுவதும் அங்கே செலவாகும். உன்னிடம் வருவதற்கு அதில் ஒரு துளியும் மிச்சம் வைக்கமாட்டேன்.

பெரியவரோடு பழகி முடித்துத் தனியாகப் போகும்போது இரண்டு சீற் கிளைடரையே எடு, வெறும் சீற்றின் பெல்ற்றைப் பூட்டு. இறுக்கிப் பூட்டு, சட்டம் அதுதானே. ஆனால் ஒன்றும் கேளாதே, பதிலுக்கு நிற்காதே. முன்னால் ஏறி இரு. முகிலின் அடியைப் பார், பருந்தைப் பார், எரு மணத்தால் அங்கேயே சுற்று. காற்று முடிந்து பதிந்து வரும்போது நல்ல வெளியாக ஒன்றைத் தெரிந்தெடு. தெரிந்தெடுத்த பிறகும் உனக்குப் பின்னாலிருந்து, என்னைப் போலவே, உன் பெயரைச் சொல்லி ஒரு குரல் கூப்பிட்டால், அந்த நேரம் நான் எங்கே நிற்கிறேன் என்று உனக்குத் தெரியும். அது யாராக இருந்தாலும் நானில்லை, ராசா.

திரும்பிப் பாராதே. இறங்கு.

அம்மா
மானிப்பாய்